பழைய கட்டலினா 22-க்குப் பெரிய விஞ்ச் தேவையா?

நீங்கள் கேட்டது இது: 1978-இல் செய்த கட்டலினா 22 பாய்மரப் படகு, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள பெர்க்லி மெரினாவில் நிற்கிறது. பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறீர்கள். சில சனிக்கிழமைகளில் பன்னிரண்டு வயது மகள் கூட வருகிறாள். மதியத்துக்கு மேல் காற்று ஏறினால் ஜெனோவாவின் (பெரிய முன்பாயின்) ஷீட்டை, அதாவது அதை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, முழுதாக இழுத்து இறுக்க முடிவதில்லை. விஞ்சில், அதாவது கயிற்றைச் சுற்றி இறுக்கும் கருவியில், கயிறு வழுக்குகிறது. இரண்டு முறை சுற்றின் மேல் சுற்று ஏறிப் பூட்டிக்கொண்டது. பெரிய விஞ்ச் போடலாமா, போட்டால் எந்த அளவு, இரட்டை வேகம் வேண்டுமா?

போடலாம். ஆனால் இந்த மூன்று தொல்லைகளில் முதலாவது மட்டும்தான் விஞ்சின் பலத்தோடு சம்பந்தப்பட்டது, அதுவும் பாதிதான். வழுக்குவதற்கும் சிக்குவதற்கும் காரணம் வேறு. அவற்றைப் பார்க்காமல் பெரிய விஞ்சை வாங்கிப் பொருத்தினால் அதே தொல்லை பெரிய டிரம்மில் (கயிறு சுற்றும் உருளையில்) தொடரும். அப்புறம், தனியாக ஓட்டுகிறவருக்கு உண்மையில் பற்றாமல் போவது கைதான். ஒரு கை சுக்கானில், ஒரு கை ஹேண்டிலில், கயிற்றின் வாலை இழுக்க இன்னொரு கை எங்கே? வாங்கப் போவதை இந்தக் கேள்வியை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. நானும் இதே விரிகுடாவில் 1976-ஆம் வருடத்து 22 ஒன்றைப் பல வருடமாக ஓட்டுகிறேன். விஞ்சை மாற்றியும் இருக்கிறேன், மாற்றியதில் தவறும் செய்திருக்கிறேன்.

முதலில் பலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முன்பாயின் ஷீட்டில் வரும் இழுவையைக் கணிக்க ஒரு பழைய சூத்திரம் உண்டு: பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, காற்றின் வேகத்தை நாட் கணக்கில் (ஒரு நாட் மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்கி, 0.021-ஆல் பெருக்கினால் கிலோவில் விடை வரும். உங்கள் படகில் 150 சதவீத ஜெனோவா, அதாவது பாய்மரத்துக்கு முன்னால் உள்ள இடத்தின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு அளவுள்ள பாய், சுமார் 14 சதுர மீட்டர். 10 நாட் காற்றில் இழுவை 29 கிலோ, வெறுங்கையாலேயே சமாளிக்கலாம். 15 நாட்டில் 66 கிலோ. 20 நாட்டில் 118 கிலோ. காற்று இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு ஆகிறது என்பதைக் கவனியுங்கள். பெர்க்லிக்கு நேர் எதிரே கோல்டன் கேட் இருக்கிறது. கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு சூடாகிக் காற்று மேலே எழ, பசிபிக்கின் குளிர்க்காற்று அந்த வாசல் வழியாக உறிஞ்சப்பட்டு நேராக உங்கள் மெரினாவை நோக்கி வருகிறது. மூன்று மணிக்கு 20 முதல் 25 நாட் என்பது அங்கே சாதாரண நாள்.

இனி உங்கள் விஞ்ச். அந்தக் காலத்து 22-களில் பெரும்பாலும் இருப்பது உள்ளே பல்சக்கரமே இல்லாத ஒற்றை வேகச் சிறு விஞ்ச். அதன் பலத்தை நீங்களே அளந்துவிடலாம்: ஹேண்டிலின் நீளத்தை டிரம்மின் ஆரத்தால் வகுத்தால் போதும். பல்சக்கரம் உள்ள விஞ்ச் என்றால் அதன் விகிதத்தாலும் பெருக்க வேண்டும். 10 அங்குல ஹேண்டில், அதாவது 254 மில்லிமீட்டர். டிரம்மின் விட்டம் 65 என்றால் ஆரம் 32.5, விடை ஏறக்குறைய 8. நீங்கள் ஹேண்டிலில் 15 கிலோ அழுத்தினால் கயிற்றில் 120 கிலோ வர வேண்டும். உராய்வில் மூன்றில் ஒரு பங்கு போகும் என்று வைத்தால் கையில் நிற்பது 80 கிலோ. ஆக 15 நாட் வரை இந்த விஞ்ச் போதும், 20 நாட்டில் போதாது. உங்கள் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது.

கம்பெனிக்காரர்கள் விஞ்சுக்கு வைக்கும் எண்ணும் இதேதான். லூமார் 8 என்றால் பலம் சுமார் எட்டு மடங்கு. ஹார்க்கென் 35.2 என்றால் முப்பத்தைந்து மடங்கு, புள்ளிக்குப் பின்னால் உள்ள 2 இரட்டை வேகத்தைக் குறிக்கிறது. இந்த எண்கள் 10 அங்குல ஹேண்டிலுக்கானவை. காக்பிட்டின், அதாவது உட்கார்ந்து ஓட்டும் பள்ளத்தின், விளிம்பான கோமிங்கில் இடம் போதவில்லை என்று 8 அங்குல ஹேண்டிலைப் போட்டால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். உங்களிடம் இருப்பது எது என்று இன்றைக்கே அளந்து பாருங்கள். பழைய படகோடு 8 அங்குல ஹேண்டில் வந்திருந்தால் 10 அங்குலத்துக்கு மாற்றுவதே உங்கள் முதல் மேம்பாடு. ஆனால் வாங்கும் முன் அது முழு வட்டமும் சுற்ற இடம் இருக்கிறதா என்று ஒரு அட்டைத் துண்டை 10 அங்குலத்துக்கு வெட்டிச் சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 20 நாட் காற்றில் 150 சதவீத ஜெனோவாவோடு கட்டலினா 22 ஓடவே கூடாது. படகு சாய்ந்து, சுக்கான் கனத்து, வேகமும் குறையும். ஃபிராங்க் பட்லர் இதை டிரெய்லரில் இழுத்துப் போகும் குடும்பப் படகாக வடிவமைத்தார். 1969-இல் தொடங்கி 15,000-க்கும் மேல் செய்து விற்றிருக்கிறார்கள். இரண்டு டன்கூட இல்லாத இந்த லேசான படகுக்கு விரிகுடாவின் கோடை மதியத்தில் 110 சதவீத ஜிப்பே (சிறிய முன்பாயே) தாராளம். அதன் பரப்பு சுமார் பத்தரை சதுர மீட்டர். 20 நாட்டில் இழுவை 88 கிலோ. உங்கள் பழைய விஞ்சின் எல்லையை ஒட்டித்தான் வருகிறது. ஆகவே சிறிய ஜிப் ஒன்று, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். மகள் கூட வரும் நாட்களில் இதன் அருமை தெரியும்.

அடுத்து, டேக் அடிக்கும் விதம், அதாவது படகைக் காற்றுக்கு ஊடாகத் திருப்பிப் பாயை மறுபக்கம் மாற்றும் விதம். ஷீட்டின் பெரும்பகுதியைப் பாய் காற்றைப் பிடிப்பதற்கு முன்பே வெறுங்கையால் இழுத்துவிட வேண்டும். டிரம்மில் ஒரே ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. படகு காற்றுக்கு நேராகத் திரும்பி பாய் படபடக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில் கயிறு தானாக வரும். அந்த நேரம் தவறிவிட்டால் அதே கயிற்றை 80 கிலோவோடு மல்லுக்கட்டி இழுக்க வேண்டும். தவறினாலும் வழி உண்டு: படகைக் காற்றை நோக்கி ஒரு பத்து டிகிரி ஏற்றுங்கள், பாய் தளரும், நாலு இழு இழுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். நான் தனியாகப் போகும்போது எப்போதும் டேக்கை மெதுவாகத்தான் அடிப்பேன். சுக்கானை முழுதாகத் தள்ளாமல் படகைத் தன் போக்கில் திரும்ப விட்டால் கயிற்றுக்கு நேரம் கிடைக்கிறது.

சரி, வழுக்கலுக்கு வருவோம். இறுக்கி முடித்த ஷீட்டுக்கு மூன்று சுற்று, காற்று அதிகமானால் நான்கு சுற்று வேண்டும். நான்கு சுற்றுக்குப் பிறகும் வழுக்கினால் டிரம்மின் மேல்பரப்பைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் அது பிடிக்காது. நாற்பத்தைந்து வருடம் ஓடிய விஞ்சில் இது இயல்பு. கயிற்றையும் பாருங்கள்: வெயிலில் காய்ந்து விறைத்த கயிறு டிரம்மோடு ஒட்டாது. இந்தப் படகின் இழுவைக்கு 8 மில்லிமீட்டர் கயிறே தாங்கும், ஆனால் கையில் பிடித்து இழுக்க 10 மில்லிமீட்டர்தான் சுகம். புதுக் கயிறு மாற்றிய அன்றே பாதி வழுக்கல் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சுற்றின் மேல் சுற்று ஏறுவது முழுக்க முழுக்கக் கோணத்தின் கோளாறு. கயிறு டிரம்மை நோக்கிக் கொஞ்சம் கீழேயிருந்து மேலேறி வர வேண்டும், 5 முதல் 8 டிகிரி. அப்போதுதான் ஒவ்வொரு புதுச் சுற்றும் முந்தைய சுற்றை மேலே தள்ளிக்கொண்டு ஒழுங்காக அடுக்கும். கயிறு நேர்மட்டமாகவோ மேலிருந்து இறங்கியோ வந்தால் உள்ளே வரும் கயிறு இருக்கிற சுற்றின் மேல் ஏறும், அடுத்த காற்றடியில் நசுங்கிப் பூட்டிக்கொள்ளும். உங்கள் ஜிப் கப்பியிலிருந்து டிரம்முக்கு ஒரு நூலைக் கட்டி, பக்கத்தில் நின்று பாருங்கள். கோணம் போதவில்லை என்றால் விஞ்சுக்கு அடியில் ஆப்பு வடிவத் தட்டு வைத்து அதைக் கொஞ்சம் சாய்க்கலாம், அல்லது கப்பியைத் தாழ்த்தலாம். டேக்கின் தொடக்கத்திலேயே நான்கு சுற்றையும் போட்டுவைப்பதும் சிக்கலைக் கொண்டுவரும். தளர்ந்த கயிற்றில் ஒன்றிரண்டு, பாரம் ஏறிய பிறகு மற்றவை. அப்படியும் பூட்டிக்கொண்டால் கத்தியைத் தேட வேண்டாம். ஒரு துணைக் கயிற்றை ரோலிங் ஹிட்ச் முடிச்சால் விஞ்சுக்கு முன்னால் ஷீட்டில் கட்டி, மறுபக்கத்து விஞ்சுக்குக் கொண்டுபோய் இழுங்கள். பாரம் அங்கே மாறியதும் சிக்கல் கையாலேயே அவிழும். இரண்டு மூன்று மீட்டர் 6 மில்லிமீட்டர் கயிறு ஒன்று காக்பிட்டில் எப்போதும் கிடக்கட்டும்.

இனி விஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்வது. இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். டிரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுப்பது உள்ளே இருக்கும் இரண்டு சிறிய உலோக நாக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங். சுழற்றும்போது கேட்கும் கிளிக் கிளிக் சத்தம் அவற்றுடையது. உப்பும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து ஒரு நாக்கு ஒட்டிக்கொண்டால் மொத்தப் பாரமும் மற்றதன் மேல் விழும். அதுவும் நழுவினால் டிரம் பின்னால் சுழலும், ஹேண்டிலும் கூடவே சுழலும். என் படகில் அது நடந்தது. கிரீஸ் அதிகம் இருந்தால் நல்லது என்று நம்பி நாக்குகளின் மேலும் அப்பிவைத்திருந்தேன். ஏஞ்சல் தீவுக்குப் பக்கத்தில், 20 நாட்டுக்கு மேல் காற்றில், ஹேண்டில் திரும்பி வந்து முன்கையில் அடித்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் மூன்று வாரம் அந்தக் கையால் எதையும் தூக்க முடியவில்லை. அதன் பிறகு ஒரு கிளிக் சத்தம் குறைந்தாலும் எனக்குக் காது கேட்டுவிடும்.

செய்முறை எளிது. ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் டிரம் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி விஞ்சின் மேல் கவிழ்க்காமல் மாட்டுங்கள், தெறிக்கும் ஸ்பிரிங் கடலுக்குப் போகாமல் பெட்டியில் விழும். மேலே உள்ள வளையத்தையோ திருகையோ கழற்றி டிரம்மை மெல்லத் தூக்குங்கள். பேரிங் டிரம்மின் உள்ளே ஒட்டிக்கொண்டு வந்து கடைசி நொடியில் நழுவும், ஒரு கையைக் கீழே வைத்திருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோனில் படம் எடுங்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பேரிங்குக்கும், பல்சக்கரம் இருந்தால் அதற்கும், விஞ்ச் கிரீஸ், மெல்லிய படலமாக மட்டும். நாக்குகளுக்கு லேசான மெஷின் ஆயில் ஒரு சொட்டு, கிரீஸ் கூடவே கூடாது. முனை மழுங்கிய நாக்கையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றுங்கள். ஒரு சனிக்கிழமைக் காலையில் இரண்டு விஞ்சும் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், செல்ஃப்-டெய்லிங் விஞ்ச் வாங்குங்கள். டிரம்மின் தலையில் இரு தட்டுகளுக்கு நடுவே ஒரு தாடை இருக்கும்; சுற்றுகள் முடிந்து வரும் கயிற்றை அதுவே கவ்வி இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு ஒரு கை மிச்சமாகிறது. நான் முதல்முறை வெறும் பெரிய விஞ்சை, செல்ஃப்-டெய்லிங் இல்லாததை, மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப் போட்டேன். பலம் கூடியது, ஆனால் ஒரு கையால் சுற்றி மறுகையால் வால் இழுத்து சுக்கானை முழங்காலால் பிடிக்கும் நிலைமை அப்படியேதான் இருந்தது. இரண்டு வருடத்தில் அதைக் கழற்றிவிட்டு சிறிய செல்ஃப்-டெய்லிங்குக்கு மாறினேன். உங்களையும் அங்கேதான் நேராகக் கூட்டிப்போக விரும்புகிறேன்.

அளவு என்று பார்த்தால், இந்தப் படகுக்கு 14 முதல் 16 வரை உள்ளது சரியாக இருக்கும். 16 மடங்கு பலத்தில் அதே 15 கிலோ அழுத்தத்துக்கு, உராய்வு போக 160 கிலோ கிடைக்கிறது. நீங்கள் பாயைக் குறைக்க வேண்டிய காற்று வந்த பிறகும் விஞ்சில் மிச்சம் இருக்கும். அதற்கு மேல் 30, 35 என்று போவது வீண்: அடிப்பகுதி அகலமாகிக் குறுகலான கோமிங்கில் உட்காராது, எடை கூடும், விலை எகிறும். இரட்டை வேகத்தில் ஹேண்டிலை ஒரு பக்கம் சுற்றினால் வேகம், மறுபக்கம் சுற்றினால் பலம். 22 அடிப் படகில் அதற்கென்று தேடி அலைய வேண்டாம். தேர்ந்தெடுத்த மாடலில் அது இருந்தால் நல்லதுதான். தோள்வலி உள்ளவர் என்றால் மட்டும் இரட்டை வேகத்தையே கேட்டு வாங்குங்கள்.

எந்த கம்பெனி என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. டென்மார்க்கின் ஆண்டர்சன் விஞ்சில் டிரம் துருப்பிடிக்காத எஃகு, சொரசொரப்புக்குப் பதிலாக நெடுக்கு வரிகள். கயிறு குறைவாகத் தேய்கிறது. லூமாருக்கும் ஹார்க்கெனுக்கும் உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும். தாடை எந்தக் கனக் கயிற்றைக் கவ்வும் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், உங்கள் 10 மில்லிமீட்டர் அந்த வரம்புக்குள் வர வேண்டும். புதிது ஜோடி ஆயிரம் டாலரைத் தாண்டும். படகின் விலையில் பெரும்பங்கு இது என்பது எனக்கும் தெரியும், அதனால் பழையதைத் தேடுவதில் தப்பே இல்லை. விரிகுடாவைச் சுற்றிப் பழைய படகுச் சாமான் விற்கும் இடங்களில் பாரியன்ட் விஞ்ச்கள் அடிக்கடி கண்ணில் படும். அந்தப் பெயர் இந்தத் தண்ணீரில் பிறந்தது: பருனா, ஓரியன்ட் என்ற இரண்டு படகுகளின் பெயரைச் சேர்த்து வைத்தது. பருனா என்றதும் நம் காதில் வருணன் ஒலிக்கிறான், அதனால் எனக்கு அந்த விஞ்ச் மேல் தனிப் பிரியம். கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது, ஆனால் வெண்கலமும் எஃகுமாகச் செய்தவை இன்னும் உழைக்கின்றன. பழையது வாங்கும்போது டிரம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், பிரித்துப் பல்சக்கரத்தைப் பாருங்கள், உங்கள் ஹேண்டில் அதன் குழியில் உட்காருகிறதா என்று கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

பணம் இப்போது இல்லை என்றால் இடைவழி இரண்டு. விஞ்சுக்குப் பின்னால் ஒரு கேம் கிளீட் (கயிற்றைக் கவ்வும் பிடி) போடலாம். நாலு இழு இழுத்துக் கயிற்றை அதில் அழுத்திவிட்டால் கை விடுதலை. இல்லாவிட்டால் பழைய டிரம்மின் தலையில் மாட்டும் ரப்பர் வளையம். அடுக்கிய சுற்றுகள் மேலே ஏறி வளையத்தை அழுத்தும்போது அது கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். உண்மையான செல்ஃப்-டெய்லிங் அளவுக்கு வராது. நான் கேம் கிளீட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடைசியாகப் பொருத்துவது. 160 கிலோ இழுக்கும் விஞ்சை 80 கிலோவுக்கு நினைத்த இடத்தில் வைக்கிறீர்கள், அதனால் அடியில் இருப்பதைப் பலப்படுத்தாமல் போல்ட்டை முடுக்காதீர்கள். என் படகில் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சின்ன வாஷர்களை மட்டும் போட்டிருந்தார். ஜெல்கோட்டில் (ஃபைபர்கிளாஸின் மேல்பூச்சில்) போல்ட்டைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி கீறல், லாக்கருக்குள் நீர்க்கசிவு. அடியில் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு ஃபைபர்கிளாஸ் தகடோ அலுமினியத் தகடோ, விஞ்சின் அடிப்பகுதியைவிடப் பெரிதாக வெட்டிப் போடுங்கள். போல்ட் 316 தர ஸ்டெயின்லெஸ். விஞ்சின் அடிப்பகுதி அலுமினியம் என்றால் போல்ட்டும் அதுவும் தொடும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் பசையைத் தடவ வேண்டும். தடவாமல் விட்டால் உப்புநீரில் இரண்டும் கடித்துக்கொண்டு பத்து வருடம் கழித்துக் கழற்ற வராது. நீர்க்காப்புக்கு பியூட்டைல் டேப், போல்ட் ஓட்டையைச் சுற்றி மட்டும். விஞ்சின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும், அவற்றை அடைத்துவிடாதீர்கள். நிரந்தரமாக ஒட்டும் பசையை இங்கே பயன்படுத்த வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது ஜெல்கோட்டும் கூட வரும். கயிறு எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று கையேட்டில் படம் இருக்கும், அதன்படியே திருப்பி வையுங்கள். தாடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விஞ்சின் சிறு கை, கயிற்றின் வாலைக் காக்பிட்டுக்குள் உதிர்க்க வேண்டும். ஓட்டை போடும் முன் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்து, விஞ்சைக் கையில் வைத்துப் பாருங்கள். எழுந்திருக்காமல் எட்ட வேண்டும். உங்கள் மகளின் கைக்கும் எட்டுகிறதா என்று பாருங்கள்.

கழற்றிய பழைய ஜோடியைத் தூக்கிப் போடாதீர்கள். சுத்தம் செய்து கேபின் கூரையில் வைத்தால் ஹேலியார்டுக்கு (பாயை ஏற்றும் கயிற்றுக்கு) அருமையாக உழைக்கும். ஆனால் அங்கே ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே பிளைவுட் இருக்கிறது. நேராக ஓட்டை போட்டால் நீர் இறங்கி மரம் மக்கும். 12 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் 6 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். போல்ட் அப்போது மரத்தைத் தொடவே தொடாது.

பொருத்தி முடித்து இரண்டு முறை நல்ல காற்றில் ஓட்டிய பிறகு லாக்கருக்குள் கைவிட்டு நட்டுகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள். பியூட்டைல் அமுங்கி ஒரு கால் சுற்று தளர்ந்திருக்கும்.